காக்கிக்கு ஊற்றிய கஞ்சி

எங்கள் தெருவில் வீடு கேட்டு யார் வந்தாலும் முதலில் இரண்டு கேள்விதான். போலீஸா? வக்கீலா? இரண்டில் எதற்கு ஆமாம் என்றாலும், நேற்றுத்தான் வேறு ஆளுக்குப் பேசி முடித்தோம் என்று சொல்லி அனுப்பிவிடுவோம். வக்கீல் காலி செய்யமாட்டார். போலீஸ்காரரைக் காலி செய்யச் சொல்ல நமக்கு வாய் வராது. தெருவுக்கு இது போதுமான காரணம். எனக்கு இருந்த காரணம் வேறு. காக்கிச் சட்டை தெருமுனையில் திரும்பினாலே எனக்கு அடிவயிறு எரியும்.

என் தம்பி விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் மிளகாய் வத்தலும் பருத்தியும் போடுகிறவன். எங்களுடையது ஆடு மேய்த்த குடும்பம். இன்றைக்கும் அவனிடம் ஒரு பட்டி செம்மறி உண்டு. அறுப்பு முடிந்த புஞ்சைகளில் எருவுக்காக ஆடுகளை இரவெல்லாம் அடைத்துக் கிடை போடுவான், அவனும் அங்கேயே படுத்துக்கொள்வான். அப்படி ஒரு புஞ்சையில் கிணற்று மோட்டாரின் செம்பு வயரை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காட்டில் படுத்திருந்தவன் என் தம்பி ஒருவன். வேறு விசாரணை எதற்கு என்று அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் உண்மையான திருடன் வேறோர் ஊரில் வயரை எரித்துச் செம்பு எடுக்கும்போது பிடிபட்டான். தம்பியை வெளியே விட்டபோது ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் வந்திரும், கெளம்புலே என்றார்களாம். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவனுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. சட்டை போட்டுவிட அவன் பெண்டாட்டி வேண்டும்.

இதே நான், வாசலில் ஏட்டையா நின்றால் வாங்கண்ணாச்சி, காப்பி சாப்பிடுதீங்களா என்று கேட்டிருக்கிறேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனதும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறேன். தெருவே அப்படித்தான். எதிரில் நிற்கும்வரை அண்ணாச்சி, முதுகு திரும்பினால் எழுத முடியாத வார்த்தை. போலீஸ்காரருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் காப்பியைக் குடிப்பார்கள்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அவள் வீடு கேட்டு வந்தாள். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள். சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்த பெண்ணைப் பார்த்துப் போலீஸா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்ன வேலை என்று மட்டும் கேட்டேன். மில்லில் சூப்பர்வைசர், ஷிப்ட் மாறி மாறி வரும் என்றாள். என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார், வீட்டு விஷயமெல்லாம் என் முடிவுதான். அன்றைக்கே மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

குழந்தையைப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்தாள். பள்ளி விட்டு வந்தால் அது என்னோடுதான். என் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபிறகு பேச்சுச் சத்தம் இல்லாமல் கிடந்த வீடு. இது வந்து பெரிம்மா, பெரிம்மா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. அம்மா எங்கே என்று யார் கேட்டாலும் மில்லுக்குப் போயிருக்கா என்று ஒரே மாதிரி சொல்லும். பிள்ளைக்கு நன்றாகப் பழக்கிக் கொடுத்திருந்தாள்.

வந்த இரண்டாம் வாரம் ஒரு தூக்குவாளியோடு கீழே இறங்கி வந்து வடிகஞ்சி இருக்குமா என்று கேட்டாள். நான் சோறு வடிப்பவள், குக்கர் சோறு எனக்கு ஆகாது. அவளிடம் குக்கர்தான். வயிறு எரிச்சலாக இருக்கிறது, கஞ்சி குடித்தால் தேவலை என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஷிப்ட் வேலை பார்க்கிற பெண், வேளைக்குச் சாப்பிட்டிருக்கமாட்டாள், குடல் வெந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தினமும் சோறு வடித்ததும் கெட்டிக் கஞ்சியாகப் பார்த்து எடுத்துவைப்பேன். ஒருநாள் உப்புப் போட்டுக் கொடுத்தேன். உப்பு வேண்டாம்க்கா, பிரஷர் வந்துரும் என்றாள். இந்த வயதிலேயே பிரஷர் பயமா என்று அதற்கும் பாவப்பட்டேன். வாளியை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். நாலு கடலைமிட்டாயாவது போட்டுத்தான் தருவாள்.

ஐப்பசியில் ஒருநாள் மழை ஓங்கி அடித்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள், மாடியில் ஜன்னல் திறந்து படீர் படீரென்று அடித்துக்கொண்டிருந்தது. என்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனேன். படுக்கிற அறையில் குறுக்கே கயிறு கட்டி, மேலே மின்விசிறியை ஓடவிட்டு, அதற்கடியில் காக்கிச் சட்டையும் காக்கிப் பேன்ட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

நான் ஜன்னலைச் சாத்தவேயில்லை. மழை உள்ளே விழுந்துகொண்டிருக்க, அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போட்டு முறுக்காக நின்றது. சட்டைப்பையின் மடிப்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தது. அது என் வீட்டுப் பருக்கை. தேய்ப்புக்கடையில் கொடுத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே கஞ்சி போட்டு, காயவைத்து, தேய்த்து, பையில் மடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் உடுத்தியிருக்கிறாள். என் தம்பி கையை ஒடித்த காக்கிக்கு நான் இத்தனை நாள் கஞ்சி ஊற்றியிருக்கிறேன். வயிற்றெரிச்சல் என்று நம்பி, கெட்டியாகப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டையைக் கிழித்திருக்கவேண்டும். கிழிக்கவில்லை. கீழே வந்து எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மழை விடுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டாள். ஏழு வீடு ஏறி இறங்கினாளாம், போலீஸ் என்றதும் ஏழு வீட்டிலும் கதவைச் சாத்தினார்களாம். குவார்ட்டர்ஸில் அவளுக்கு ஒதுக்கிய வீட்டின் மேற்கூரை பெயர்ந்து, கம்பி தெரிகிறதாம். தன் தலையில் விழுந்தால் விழட்டும், பிள்ளை தலையில் விழக்கூடாது என்றுதான் பொய் சொன்னாளாம்.

"பிள்ள இந்த வருஷப் படிப்ப முடிக்கட்டும்க்கா. அதுவரைக்கும் மட்டும் விடுங்க. பெறவு நானே போயிருதேன்."

என் தம்பியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை வந்திருந்தால் ஒருவேளை அதோடு போயிருக்கும். நான் இருந்துக்கோ என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை உதறாமல் வைத்திருக்க எனக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப்பிறகு தெரு அவளை நடத்திய விதம் எனக்கு இனிப்பாக இருந்தது. பொய் சொல்லவில்லை, இனிப்பாகவே இருந்தது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே நாள் கணக்கு வைத்துத்தான். அவள் குடத்தை எங்கே வைத்தாலும் அது கடைசிக்குப் போய்விடும். யார் நகர்த்தினார்கள் என்று அவளும் கேட்கமாட்டாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானபிறகு அவள் காக்கியோடே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். அப்போது பேச்சை நிறுத்தியவர்களே எழுந்து நின்றார்கள். மரியாதைக்காக இல்லை. பயமும் எரிச்சலும் சேர்ந்தால் மனிதர்கள் அப்படித்தான் எழுந்து நிற்பார்கள்.

தெருப் பிள்ளைகள் கள்ளன் போலீஸ் விளையாடுவார்கள். முன்பெல்லாம் போலீஸாக இருக்கத்தான் போட்டி. இப்போது அவள் மகளைப் போலீஸாக வைத்துவிட்டு மற்ற அத்தனை பேரும் கள்ளனானார்கள். அது யாரையாவது தொட ஓடும்போது, எல்லோருமாகச் சேர்ந்து கரிசல் மண்கட்டியை எறிவார்கள். தனக்குப் பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அது சிரித்துக்கொண்டே ஓடும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டுக்காரி மகன் பைக்கில் மூன்று பேராகப் போய்ப் பிடிபட்டான். குடத்தை நகர்த்திய அதே எதிர்வீட்டுக்காரி மாடிப்படி ஏறி, நீ என் கூடப்பிறந்தவ மாதிரி, எப்படியாவது வண்டியை வாங்கிக் கொடு என்று நின்றாள். அவளும் யாரிடமோ பேசி வண்டியை வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் தண்ணீர் வந்தது. குடம் கடைசியில்தான் இருந்தது. ஒரு போன் போட்டதும் வண்டி வருகிறது என்றால் எவ்வளவு திருட்டுத்தனம் நடக்கும் பாருங்கள் என்று எதிர்வீட்டுக்காரி குழாயடியில் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் மட்டும் கஞ்சியை நிறுத்தவில்லை. இந்தத் தெருவில் தனக்கு நல்லது நினைக்கிற ஒரே ஆள் நான்தான் என்று அவள் நம்பினாள்.

யாரோ பெரிய மனிதர் ஊர் வழியாகப் போகிறார் என்று பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். காலையிலிருந்து அவர் கடக்கும்வரை ரோட்டோரத்திலேயே நிற்கவேண்டும், சட்டை நன்றாக முறுக்காக இருக்கணும்க்கா, ரெண்டு கரண்டி கூடத் தாங்க என்று முந்தின நாள் கேட்டுக்கொண்டாள். தம்பி காட்டு வத்தல் ஒரு சாக்கு என் வீட்டில் எப்போதும் இருக்கும். சாக்கின் அடியில் உதிர்ந்து கிடந்த விதையை இரண்டு கை அள்ளி, தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, கஞ்சியில் கலந்தேன். வத்தலைப் போட்டால் சிவக்கும், விதை அவ்வளவாகச் சிவக்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். அதை முக்கி எடுக்கும்போது அவளுக்குக் கை எரிந்திருக்கும். அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்குக் கை எரிவது புதிதில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்தேன். பார்ப்பதற்கென்றே போனேன். அவள் நின்ற இடத்துக்கு எதிரே நிழற்குடையில் உட்கார்ந்துகொண்டேன். கார்த்திகை பிறந்தும் எங்கள் ஊர் வெயில் குறையாது. சட்டை நன்றாக முறுக்காக இருந்தது. முதுகிலும் அக்குளிலும் வேர்வை இறங்க இறங்க அவள் முகம் மாறியது. தோளை ஒருமுறை அசைத்தாள். கழுத்துப்பட்டையை விரலால் தள்ளினாள். தூரத்தில் அதிகாரி நின்றதால் கையைக் கீழே போட்டுக்கொண்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள். கண் சிவந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

என் பக்கத்தில் கயத்தாறு பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்.

"மொறச்சிக்கிட்டு நிக்கா பாருங்க அண்ணாச்சி. ஒடம்பெல்லாம் திமிரு."

மற்றவர் ஆமாம் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். என் தம்பிக்காக ஒரு நாள் கணக்கைத் தீர்த்தேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சாயங்காலம் குழந்தை என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் குதித்து ஓடியது. இரண்டு எட்டில் பிடித்திருக்கலாம். கை எழுந்தது, எழுந்த கை அப்படியே நின்றுவிட்டது. என்ன சொல்லித் தடுப்பது? அவள் குனிந்து தூக்கினாள். நாளெல்லாம் அம்மாவைக் காணாத பிள்ளை, வேர்வையில் நனைந்த அந்தச் சட்டையில் முகத்தைப் போட்டு அப்படியும் இப்படியும் தேய்த்தது. பிறகு வீறிட்டது. பிள்ளைகள் அழுவதை எவ்வளவோ கேட்டிருக்கிறேன், அது வேறு மாதிரிச் சத்தம். கண்ணைக் கசக்கக் கசக்க எரிச்சல் கூடியது. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக் குடத்துத் தண்ணீரை முழுதும் அந்தக் கண்ணில் ஊற்றினோம். ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகாது, நல்ல நேரம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"கூட்டத்துல எவனோ மேல மொளகாப்பொடியத் தூவிட்டான் போலக்கா. காலையிலருந்தே எரிஞ்சிச்சி. எங்கள யாருக்குக்கா பிடிக்கும்? இத வெளிய சொன்னாலும் சிரிப்பாவ."

குழந்தை கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கட்டோடே தடவித் தடவி என் மடிக்கு மாறி வந்து படுத்துக்கொண்டது. பெரிம்மா, எரியுது என்றது.

மறுவாரம் தம்பி வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் திட்டுவான் என்று நினைத்தேனா, திட்டட்டும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. அவன் சிரித்தான். விதையை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தேன், அவள் எப்படி நின்றாள், எங்கெங்கே சொறிந்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பல வருஷமாகிறது. பிள்ளை அழுததைச் சொன்னதும் நிறுத்துவான் என்று பார்த்தேன்.

"அதுக்கும் பட்டுச்சா? படட்டும். அது மட்டும் வளந்து என்னவாகப் போகுது?"

எழாத கையை எழும்பின மட்டும் தூக்கி என் தோளில் தட்டிக் கொடுத்தான். சின்ன வயதில் ஆட்டுக்குட்டிக்குக் காலில் முள் குத்தினால்கூட அழுகிறவன் அவன். ஸ்டேஷனில் ஒடிந்தது கை மட்டும் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனை நினைத்து அழவா, என்னை நினைத்து அழவா என்று தெரியாமல் சோறு போட்டு அனுப்பிவைத்தேன்.

குற்ற உணர்ச்சி வந்தால் மனிதர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. அந்தக் குழந்தை பெரிம்மா என்று ஓடிவரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததற்கும் அதன்மேலேயே கோபம் வந்தது. மகள் பிரசவத்துக்கு வருகிறாள், மாடி வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் காலி செய்யச் சொன்னேன். பள்ளிக்கூடம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. நாலு நாள் வீடு தேடி அலைந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், அந்த வீட்டுக்காரர் விசாரிக்க வருவார் என்றும் சொன்னாள்.

"மில்லுனே சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்கக்கா. ஒங்கள நம்பித்தான்."

வீட்டுக்காரர் வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. குடியிருந்த பெண் எப்படி என்று கேட்டார். சத்தம் சண்டை கிடையாது, சுத்தமாக வைத்துக்கொள்வாள், பிள்ளை தங்கம் என்றேன். எல்லாம் உண்மை. எந்த மில் என்று கேட்டார். வாய்க்குள் ஒரு மில்லின் பெயரைத் தயாராக வைத்திருந்தேன். இரண்டு தெரு தள்ளி என்றால் மாலை தோறும் அந்தக் குழந்தையின் கண் என் வாசலைக் கடந்து போகும் என்று அப்போதுதான் உறைத்தது.

"மில்லா? போலீஸ்லல்லா இருக்கா," என்றேன்.

அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நல்லவேளை சொன்னீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் குவார்ட்டர்ஸுக்கே போனாள். கம்பி தெரியும் கூரைக்குக் கீழே தார்ப்பாய் கட்டிக்கொண்டாளாம். போகிற அன்று தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே கடலைமிட்டாய் இருந்தது. அந்த வீட்டுக்காரரிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பங்குனித் தேரோட்டத்தின்போது கூட்டத்தில் நின்றேன். தேர் தெருமுக்குத் திரும்புகையில் வடம் பிடித்தவர்கள் ஒருபக்கம் சரிய, மொத்தக் கூட்டமும் எங்கள் மேல் சாய்ந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. மூச்சு நின்றுவிட்டது. செத்தோம் என்று நினைத்தேன். அப்போது கூட்டத்துக்குள் ஒரு கை வந்து என்னை இடுப்போடு பிடித்து இழுத்தது. போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. என் முகம் வேர்வையில் நனைந்த காக்கிச் சட்டையில் அழுந்தியது. அவள்தான் என்று தெரிந்துவிட்டது. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, முகத்தை விலக்கக் கழுத்தை முறுக்கினேன். அவள் விடவில்லை. என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்கக்கா, நான்தான்," என்றாள்.

கூட்டம் விலகியபிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை.